நாற்பத்தேழாவது கிலோமீற்றரில் ஒரு கல்

ஜெகதீஸ்வரி கனடாவுக்குப் போனதில்லை. இரண்டு தடவை விசாவுக்கு விண்ணப்பித்தார். இரண்டு தடவையும் ஒரே மாதிரிக் கடிதம்தான் வந்தது: நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று எமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வன்கூவரிலிருந்து ஜாஸ்பர் வரை போகும் பாதையில் எந்தப் பெற்றோல் செட்டில் கழிவறை சுத்தமாக இருக்கும், எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோப்பிக் கடை பூட்டிக் கிடக்கும், எந்த ஏரிக்குக் காலை ஒன்பதுக்கு முன் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று கேட்டால், கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தபடியே சொல்லுவார். அது அவருடைய தொழில்.

வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்யவில்லை. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தார். நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அந்த நிறுவனம் மூடப்பட்டது. கன்னியர் மடத்தில் படித்த ஆங்கிலம் கையில் இருந்தது. அதை வைத்துக் கொட்டாஞ்சேனையில் கிளறன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

கிளறன்ஸின் அலுவலகம் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஆறு கணினி, அரைகுறையாகக் குளிரும் ஒரு ஏசி. கிளறன்ஸுக்கு அறுபது வயது, முன்பு அச்சகம் வைத்திருந்தவர். இப்போது வெளிநாட்டு இணையத்தளங்களுக்கு ஆள் வைத்து எழுதிக் கொடுக்கிறார். ஒருத்தி நாய்த் தீனி பற்றி எழுதுவாள். மாளிகாவத்தையிலிருந்து வரும் நளீபா நோர்வேயின் மீன்பிடிப் படகுகள் பற்றி எழுதுகிறாள். அவளுக்குக் கொழும்புப் பேரை வாவியில் அன்னப் படகு ஏறினாலே வாந்தி வரும். ஜெகதீஸ்வரிக்குக் கிடைத்தது மேற்குக் கனடா. பயணத் திட்டங்கள் எழுத வேண்டும். முதல் நாள் எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது, எதைப் பார்ப்பது.

அந்தப் பயணத் தளத்தை நடத்தும் வன்கூவர்க்காரர்களிடம் ஒரு விதி இருந்தது. எழுபது கிலோமீற்றருக்கு மேல் ஒரு நிறுத்தமும் இல்லாமல் பாதை ஓடக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கீழே ஒரு விளம்பரம் போடுவார்களாம். நகரங்களுக்குப் பக்கத்தில் அது பிரச்சினையில்லை. ஆனால் கம்லூப்ஸைத் தாண்டி, கிளியர்வோட்டர் என்ற சிற்றூரையும் தாண்டினால், அடுத்த ஊர் வரைக்கும் நூற்றைந்து கிலோமீற்றர். காடு, ஆறு, ரயில் பாதை. தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன், மாலை ஐந்தரைக்கு ஒப்படைக்க வேண்டிய திட்டத்தில், அந்த ஓர் இடைவெளி மட்டும் ஐந்தேகாலுக்கும் வெறுமையாகக் கிடந்தது.

மற்றவர்கள் இப்படியான இடத்தில் "அழகிய காட்சி முனை" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். ஜெகதீஸ்வரிக்கு அது சரியாகப் படவில்லை. அவர் வாழ்க்கையில் அறிந்த நீண்ட பாதை ஒன்றுதான், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பாதை. அதில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் எந்த வாகனமும் போவதில்லை. பஸ் நிற்கும், லொறி நிற்கும், அவசரமாகப் போகிற டொக்டரின் கார் நிற்கும். இறங்கி ஒரு சில்லறையைப் போட்டு, கச்சான் கடலை ஒரு பை வாங்கி, திரும்ப ஏற வேண்டியதுதான். நூறு கிலோமீற்றர் காட்டுக்குள்ளே ஒருவரையும் கும்பிடாமல் எப்படி ஒரு மனுசன் வண்டி ஓட்டுவான்?

ஆகவே எழுதினார். கிளியர்வோட்டரிலிருந்து நாற்பத்தேழாவது கிலோமீற்றர். வளைவுக்கு முன்னால், வலப் பக்கம், பாசி படிந்த தட்டைக் கல் ஒன்று. மரம் ஏற்றும் லொறிச் சாரதிகள் இங்கே நிறுத்தி, கல்லில் ஒரு நாணயம் வைத்து, நல்லபடி போய்ச்சேரக் கேட்டுக்கொண்டு போவது பழைய வழக்கம். நீங்களும் வைக்கலாம்.

ஐந்து இருபத்தெட்டுக்கு அனுப்பிவிட்டார். வளைவையும் தூரத்தையும் வரைபடத்தில் பார்த்து எடுத்தது. கல் அவருடைய மண்டைக்குள்ளிருந்து வந்தது.

ஏழு மாதம் ஒன்றுமில்லை. அதன்பிறகு ஒரு நாள் நளீபா கூப்பிட்டாள். வாசகர்களின் கருத்துகளைப் படித்துப் பதில் போடுவதும் அந்த அலுவலகத்தின் வேலைதான்.

"அக்கா, இங்க வந்து பாருங்களே. ஒங்கட கல்ல ஆரோ கண்டுபுடிச்சிருக்காங்க."

படம் போட்டிருந்தார்கள். வளைவு, கல், கல்லின் மேல் நாலைந்து நாணயம். கிளறன்ஸ் வந்து பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நாலரை நட்சத்திரம் ஜெகதீஸ்! இல்லாத கல்லுக்கு! இருக்கிற ஹோட்டலுக்கே மூணுதான் குடுக்கிறாங்க."

காட்டுப் பாதையில் தட்டைக் கல்லுக்குப் பஞ்சமா? தேடிப் போகிறவன் கண்ணுக்கு எந்தக் கல்லும் அந்தக் கல்தான். அப்படித்தான் ஜெகதீஸ்வரியும் சொல்லிக்கொண்டார். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கல்லின் இடது மூலையில் படி போல ஒரு வெட்டு இருந்தது. அதை அவர் எழுதவில்லை. எழுதும்போது மனதில் பார்த்தது மட்டும்தான்.

இணைய வரைபடத்தில் அந்த இடத்தின் தெருப் படம் உண்டு. போன கோடையில் கார் ஒன்று கமராவோடு ஓடி எடுத்தது. நாற்பத்தேழாவது கிலோமீற்றரில் தகரத் தடுப்பு, அதற்குப் பின்னால் சரிவு. கல் இல்லை. அதே கோடையில் அங்கே போன பதினான்கு குடும்பங்கள் போட்ட படங்களில் கல் இருந்தது. நாணயங்கள் குவிந்து, கீழே கிடந்தவை பச்சை பூத்திருந்தன. ஒரு வருடத்தில் அப்படிப் பூக்குமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு கருத்துகளில் ஓர் ஆள் வரத் தொடங்கினார்.

ஒரு குடும்பம் எழுதியது: கல்லடியில் நின்றவர் மிகவும் அன்பாக இருந்தார். இன்னொருவர்: சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார், காதில் பென்சில் செருகியிருந்தார், அவருடைய வண்டியை எங்கும் காணவில்லை. மூன்றாவது ஒரு பெண்: நாங்கள் திரும்ப ஏறும்போது ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். பள்ளிப் பிள்ளைகளைப் போல உணர்ந்தோம்!

ஜெகதீஸ்வரி அந்த வரியை மூன்று தரம் வாசித்தார். யாழ்ப்பாண பஸ்கள் முறிகண்டியில் நின்று புறப்படும்போது நடத்துநர் இருக்கைகளுக்கு இடையில் நடந்து வந்து தலை எண்ணுவார். யாரையும் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதியதில்லை.

"காமெடிக்கு ஆரோ நிக்கிறாங்க அக்கா," என்றாள் நளீபா. "அங்க உள்ளவங்களுக்கு வேற வேல இல்லயா?"

இந்த ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கிளறன்ஸ் சிரிக்காமல் வந்தார். கையில் அச்சடித்த மின்னஞ்சல் ஒன்று இருந்தது. அல்பேர்ட்டாவிலிருந்து ஒரு பெண் அனுப்பியது.

நாங்கள் நால்வர், நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், என்று எழுதியிருந்தாள். கல்லில் காசு வைத்தோம். அந்த மனிதர் எங்களை எண்ணி மூன்று விரல் காட்டினார். நால்வர் என்று என் கணவர் சிரித்துச் சொன்னார். அவர் மறுபடி எண்ணினார். மறுபடி மூன்று. புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் கணவரின் தொப்பி கல்லின் மேல் விடுபட்டது ஞாபகம் வந்தது. திரும்பினோம். அவர் இறங்கிப் போனார். நானும் பிள்ளைகளும் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தோம். தொப்பி பின்பக்கம் விழுந்திருக்க வேண்டும், குனிந்தார். நிமிரவில்லை. ஆறு நாள் நாய் கொண்டு தேடினார்கள். நீங்கள் அந்த இடத்தைப் பற்றி எழுதியவர். அந்த மனிதர் யார்?

"என்னண்டு பதில் போடுறது?" என்று கேட்டார் கிளறன்ஸ்.

ஜெகதீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பம்பலப்பிட்டியில் இறங்கிவிட்டார். அது தன் தரிப்பிடம் இல்லை என்பது பஸ் போன பிறகுதான் தெரிந்தது. வெள்ளவத்தை வரை நடந்தார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு எழும்பித் தொலைபேசியைப் பார்த்தார். தம்பி நிரோஷனிடமிருந்து பதினொரு படம் வந்திருந்தது. நிரோஷன் சறேயில் இருக்கிறான், வன்கூவருக்குப் பக்கத்தில். மனைவி விஷ்ணுப்பிரியா, ஆறு வயது மகள் சாருஜா. முதல் படத்தில் மூவரும் ஹோப் என்ற ஊரின் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்றார்கள். இரண்டாவதில் மெரிட், காரின் பின்பெட்டியில் புட்டும் சம்பலும். பிறகு கம்லூப்ஸ், பழுப்பு மலை, ஆற்றங்கரை, சாருஜாவின் கால்கள். ஒவ்வொன்றும் ஜெகதீஸ்வரி எழுதிய நிறுத்தம், எழுதிய வரிசையிலேயே. அடியில் ஒரு குறிப்பு: "அக்கா, சர்ப்பிரைஸ்! ஜாஸ்பர் வரைக்கும் உன்ர பாதையிலதான் போறம்."

அழைத்தார். அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம், இன்னும் நல்ல வெயில்.

"எங்க நிக்கிறாய் நிரோ?"

"கிளியர்வோட்டர். பெற்றோல் அடிச்சிட்டன். நீ எழுதின ஐஸ்கிறீம் கடையிலதான் நிக்கிறம். அருமை எண்டு எழுதினனி. சும்மா சீனித் தண்ணி."

"அதை விடு. அந்தக் கல்லடியில நிப்பாட்டாத."

"எது, உன்ர முறிகண்டியோ? சில்லறை மாத்தி வச்சிருக்கிறன். பிரியா கற்பூரமும் கொண்டந்தவ. காட்டுக்க நெருப்புக் கொளுத்தக் கூடாதெண்டு சொன்னதுக்கு மூஞ்சையை நீட்டிக்கொண்டு வாறா."

"நிரோ, அது பொய்."

"எது?"

"கல்லு. அப்பிடியொண்டு இல்லை. இடம் நிரப்ப நான் எழுதினது."

கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"அக்கா, நூறு படம் கிடக்கு."

"ஓம். அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

"நான் இஞ்ச வேலையில எல்லாருக்கும் சொல்லித் திரியிறன், என்ர அக்கா எழுதின பாதை எண்டு. இப்ப வந்து பொய்யெண்டுறாய்."

"பேசு. எவ்வளவு வேணுமெண்டாலும் என்னைப் பேசு. நிப்பாட்ட மட்டும் நிப்பாட்டாத. அங்க ஓராள் நிப்பார், எண்ணுவார். எண்ணேக்க ஓராள் குறைஞ்சா..."

"உனக்கு நித்திரை காணாது. இவள் சட்டையெல்லாம் ஐஸ்கிறீமை ஊத்திப்போட்டாள், வைக்கிறன்."

மறுபடி மறுபடி எடுத்தார், அவன் எடுக்கவில்லை. ஆறரைக்கு எடுத்தபோது மணியே போகவில்லை. இனி அடுத்த ஊர் வரை போகாது. அதையும் அவரே எழுதியிருந்தார், எச்சரிக்கை என்று தலைப்பிட்டு.

நாற்பத்தேழு கிலோமீற்றர் ஓட முப்பத்தைந்து நிமிடம்.

மேசையில் மடிக்கணினியைத் திறந்து அந்தப் பக்கத்துக்குள் போனார். ஒரு நிறுத்தத்தை முழுதாக அழிக்க வன்கூவர்க்காரர்களின் அனுமதி வேண்டும், அவர்கள் திங்கட்கிழமைதான் பார்ப்பார்கள். திருத்தலாம். திருத்தம் உடனே பதிவாகும்.

கீழே, ஒழுங்கையில், பாண் விற்கும் ஆட்டோ தன் பாட்டைப் போட்டபடி போனது. ஜெகதீஸ்வரி தான் எழுதிய நான்கு வரியை வாசித்தார். கல்லை எழுதியிருந்தார், கல் வந்தது. நாணயத்தை எழுதியிருந்தார், நாணயம் குவிந்தது. அங்கே நிற்பது யார், அவர் என்ன செய்வார் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்ட இடத்துக்கு அந்த ஆள் தானாக வந்து நின்றுவிட்டார். எழுதாததால்தான் தன் விருப்பத்துக்கு எண்ணுகிறார்.

அது புத்திக்குப் பொருந்தாத யோசனை என்று அவருக்குத் தெரியும். வேறு யோசனை இருக்கவில்லை. இரண்டு தரம் எழுதி அழித்தார். மூன்றாவது தரம் இப்படி எழுதினார்: இங்கே ஒருவர் நிற்பார். வந்தவர்களை எண்ணுவார். எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேரையும் பிழையில்லாமல் எண்ணி, அத்தனை பேரையும் அனுப்பிவைப்பார்.

பதிவு என்ற பொத்தானை அழுத்தும்போது மணி ஆறு ஐம்பது.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. கடற்கரை ரயில் ஒன்று போனது, இன்னொன்று போனது. எதிர் மாடியில் சனிக்கிழமை ரியூசனுக்குப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். தேத்தண்ணீர் ஊற்றினார், குடிக்கவில்லை. ஏழரை ஆனது. எட்டு ஆனது. எட்டுப் பத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அக்கா! பொய்யெண்டாய் என்ன? கல்லு கிடக்கு!"

"எத்தினை பேர் இருக்கிறியள்?"

"என்ன?"

"வண்டிக்க எத்தினை பேர்? எல்லாரும் கதையுங்கோ. ஒவ்வொருத்தரா."

"மச்சாள், நான் இருக்கிறன்," என்றாள் விஷ்ணுப்பிரியா. "ஏன் குரல் இப்பிடிக் கிடக்கு? சுகமில்லையோ?"

"மாமி, நானும் இருக்கிறன். நான் காட்டுக்க ஒண்டுக்கிருந்தனான்!"

ஜெகதீஸ்வரி ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"நீ சொன்ன ஆளும் நிண்டவர்," என்றான் நிரோஷன். "நல்ல மனுசன். எங்களை எண்ணி மூண்டு விரல் காட்டினார். சரியாத்தானே எண்ணினார்? நீ ஏன் அப்பிடிப் பயந்தனி?"

"ஒண்டுமில்லை. விடு."

"இந்த இடத்தைப் பற்றி எழுதினது ஆரெண்டு கேட்டார். என்ர அக்காதான் எண்டு சொன்னன்."

"எந்தப் பாசையில கேட்டவர்?"

சக்கரங்கள் உருளும் இரைச்சல் கேட்டது. பின்னாலிருந்து விஷ்ணுப்பிரியாவின் குரல் வந்தது, மெதுவாக.

"தமிழிலதானேப்பா கேட்டவர்."

"ஓம்," என்றான் நிரோஷன். "தமிழில. அப்ப எனக்கு அது ஒரு மாதிரியாப் படேல்லை."

"நீ என்ன சொன்னனி?"

"உன்ர பேரைச் சொன்னனான். வெள்ளவத்தை எண்டும் சொன்னனான். அவ வரேல்லையோ எண்டார். விசா குடுக்கிறாங்களில்லை எண்டு சொன்னன். சிரிச்சார். சிரிச்சுப்போட்டு மற்ற விரலையும் நிமித்தினார்."

"எந்த விரலை?"

"நாலாவதை. நாலு பேர் எண்டு காட்டினவர்."

எதிர் மாடியில் ஆசிரியர் ஏதோ வாய்ப்பாட்டைச் சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள்.

"சரி," என்றார் ஜெகதீஸ்வரி. "மூண்டு பேரும் பத்திரமாப் போய்ச் சேருங்கோ. திரும்பேக்க அந்தப் பாதையால வராதேங்கோ. கல்கரிப் பக்கத்தால வாங்கோ. அது நான் எழுதினதில்லை."

அவர்கள் கல்கரிப் பக்கத்தால் வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை, அல்பேர்ட்டாப் பெண்ணுக்கு ஜெகதீஸ்வரி தன் பெயரிலேயே பதில் எழுதினார். அந்த மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது, கல்லை நான்தான் இட்டுக்கட்டினேன், நான் அந்த நாட்டுக்கே வந்ததில்லை, என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினார். பதில் வரவில்லை. கிளறன்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் நடந்ததை வன்கூவருக்கு எழுதிப் போட்டார். அவர்கள் வேலையை நிறுத்தவில்லை. எழுதியவர் விரும்பினால் அந்த நிறுத்தத்தை எடுத்துவிடுகிறோம், ஆம் என்று ஒரு சொல் அனுப்பினால் போதும் என்றார்கள்.

நாலு கிழமை ஆகிறது. அவர் இன்னும் அனுப்பவில்லை.

இதற்குள் இருபத்திரண்டு குடும்பம் கருத்து எழுதியிருக்கிறது. எல்லோரையும் அந்த ஆள் சரியாக எண்ணியிருக்கிறார். இருவர் போனால் இரண்டு, அறுவர் போனால் ஆறு. ஒருவரும் குறையவில்லை. கடைசியாக எழுதிய மூன்று குடும்பம் மட்டும் எண்ணி முடித்த பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டதாகச் சொல்கின்றன: இதை எழுதியவர் எப்போது வருவார்?

மூன்றாவது கருத்தைப் படித்த அன்று நளீபா தன் கதிரையை ஜெகதீஸ்வரியின் மேசையடிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அல்லாவே, இன்னும் என்னத்துக்கு அக்கா வெச்சிக்கிட்டிருக்கீங்க? ஒரு சொல்லுதானே. அழிச்சுருங்க."

ஜெகதீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அழிக்கலாம் நளீபா. அழிச்சா அங்க ஒருத்தரும் போகாயினம். பிறகு அந்தாளுக்கு எண்ணுறதுக்கு மிச்சம் நான் ஓராள்தான்."